அம்மாவுக்குப் போடாக்ஸ் போடச் சொல்கிறார்கள், அது அழகு ஊசி இல்லையா?

கேள்வி, தவளக்குப்பத்திலிருந்து. 02.06.2024

அம்மாவுக்கு 61 வயது. ஒன்றரை வருஷமாக இடது கண் ஓயாமல் துடிக்கிறது, இப்போது வாயோரமும் சேர்ந்து இழுக்கிறது. நரம்பு டாக்டர் போடாக்ஸ் போடலாம் என்கிறார். சினிமாக்காரர்கள் சுருக்கம் போக முகத்தில் குத்திக்கொள்கிற விஷ ஊசிதானே அது? "இந்த வயசுல எனக்கு எதுக்குடா அழகு ஊசி" என்று அம்மா வரவே மாட்டேன் என்கிறார். யாராவது போட்டுக்கொண்டிருந்தால் சொல்லுங்கள்.

02.06.2024, இரவு

நான் போட்டுக்கொண்டவன். இதுவரை ஆறு தடவை.

பாண்டி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 23 வருஷமாக நிற்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், தினமும் பஸ். 2021 தீபாவளிக் கூட்டத்தில்தான் ஆரம்பித்தது. இடது கண்ணின் கீழ் இமையில் புழு நெளிகிற மாதிரி. தூக்கமில்லை, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அம்மா மட்டும் "ஆம்பளைக்கு இடது கண் துடிக்கக் கூடாதுடா" என்று திருவந்திபுரம் மலைக்கு அனுப்பினார். போனேன். பொங்கலுக்குள் கன்னமும் வாயோரமும் சேர்ந்துகொண்டன. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

என் தொழிலை நினைத்துப் பாருங்கள். பட்டுச் சேலையை விரித்துக் காட்டி, விலையைச் சொல்லி, எதிரில் இருக்கிற அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தால்? அப்படித்தான் ஆனது. ஒரு பெண்மணி போய் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். முதலாளி என்னை மாடியில் குடோனுக்கு மாற்றினார். சேலைக்கு விலைச்சீட்டு ஒட்டும் வேலை. 20 வருஷம் ஆட்களோடு பேசியே பிழைத்தவனுக்கு அது பாதி சாவு.

ஊசி போட்ட நாலாம் நாள் துடிப்பு குறைந்தது, பத்தாம் நாள் நின்றது. ஆறு மாதம் தாங்குகிறது. அம்மாவைக் கூட்டிப்போங்கள் தம்பி.

03.06.2024

நேற்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. ஆறு மாதமெல்லாம் இல்லை. மூன்று, மூன்றரை மாதம், அதிர்ஷ்டம் இருந்தால் நாலு. 2022 ஆகஸ்ட்டிலிருந்து ஆறு ஊசி என்றால் நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். அது இருக்கிற மூன்று மாதமும் மறந்துபோய்விடுவதால் நீண்ட காலம் மாதிரித் தோன்றுகிறது.

03.06.2024, மதியம்

பக்கவாதமாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பக்கவாதத்தில் முகம் தொங்கும், துடிக்காது. திடீரென்று வாய் கோணி, பேச்சு குழறி, கை விழுந்தால் ஊசியும் வேண்டாம், இந்த இழையைப் படிக்கவும் வேண்டாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எனக்கும் தம்பியின் அம்மாவுக்கும் இருப்பது (நான் டாக்டர் இல்லை, தம்பி எழுதியதை வைத்துச் சொல்கிறேன்) பாதி முகத் துடிப்பு, ஹெமிஃபேஷியல் ஸ்பாசம். பெரும்பாலும் கண்ணில் தொடங்கும், மெதுவாகக் கீழே இறங்கும், தூக்கத்திலும் விடாது. எனக்கு ஊசி போடுகிற டாக்டரம்மா என்னைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து ஒன்று காட்டினார்: கண் இறுக மூடும்போது அதே பக்கத்துப் புருவம் மேலே ஏறுகிறது. இந்த நோய் இல்லாதவர் வேண்டுமென்றே செய்ய முயன்றாலும் வராதாம். வீட்டில் எல்லோரும் முயன்று பார்த்தோம், ஒருவருக்கும் வரவில்லை.

காரணம் மூளைத்தண்டு பக்கத்தில். முகத்துக்கு வருகிற ஏழாவது நரம்பின் மேல் ஒரு ரத்தக்குழாய் வளைந்து உரசிக்கொண்டே இருக்கிறது. ஒயரின் மேலுறை தேய்ந்தால் பொறி பறக்கும் இல்லையா, அதேதான். கட்டி எதுவும் அழுத்தவில்லை என்று பார்க்க எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதை எடுக்காமல் நேராக ஊசிக்குப் போகாதீர்கள்.

நிரந்தரத் தீர்வு ஆபரேஷன்தான். காதுக்குப் பின்னால் திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் துண்டு டெஃப்லான் வைப்பார்கள். ஆமாம், தோசைக்கல்லில் இருக்கிற அதே டெஃப்லான். நிறையப் பேருக்கு அதோடு போய்விடுகிறது, ஆனால் அந்தப் பக்கக் காது கேட்காமல் போகிற அபாயம் கொஞ்சம் உண்டு என்றார்கள். நான் ஊசியோடு இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கோழைத்தனம் என்று மகள் சொல்கிறாள், இருக்கட்டும்.

அதற்கு முன்னால் மாத்திரை கொடுத்தார்கள், கார்பமசெபின். துடிப்பு அப்படியே இருந்தது, தூக்கம்தான் வந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சேலைக்கு அறுநூற்று ஐம்பது என்று விலைச்சீட்டு ஒட்டியது அந்த வாரம்தான்.

04.06.2024

அறுநூற்று ஐம்பதுக்கே விற்றுவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை, அந்தச் சேலை விற்கவில்லை. யாரும் குடோனுக்கு வரவேண்டாம்.

09.06.2024

"விஷம்தானே?" என்று மறுபடி மறுபடி கேட்கிறார்கள். விஷம்தான். இதில் மழுப்ப ஒன்றுமில்லை. நமக்குத் தெரிந்த நஞ்சுகளிலேயே கடுமையானவற்றில் ஒன்று. போடாக்ஸில் இருக்கிற நஞ்சுக்குப் பாட்டுலினம் என்று பெயர். அந்தப் பெயரே தொத்திறைச்சிக்கான (சாசேஜ்) லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மனியில் கெட்டுப்போன தொத்திறைச்சி தின்று ஆட்கள் கண் சொருகி, விழுங்க முடியாமல், மூச்சு நின்று செத்தார்கள். அதை 1820 வாக்கில் ஆராய்ந்து விரிவாக எழுதியவர் யுஸ்டினுஸ் கெர்னர் என்கிற டாக்டர். அந்த ஆள் கவிஞரும்கூட. அந்த நஞ்சைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். உயிரை எடுக்கிற இதே சரக்கு, சொட்டு அளவில் கொடுத்தால் அடங்காத நரம்பை அடக்க உதவலாம் என்றும் அவரே எழுதிவைத்தார். கிருமியைக் கண்டுபிடித்தது அப்புறம், 1895ல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டு விருந்தில் பன்றித்தொடை சாப்பிட்டவர்கள் விழுந்த பிறகு.

உள்ளே நடப்பது இதுதான். "சுருங்கு" என்று தசைக்குச் சொல்ல நரம்பு முனையிலிருந்து ஒரு ரசாயனம் வெளியே வர வேண்டும், அசிட்டைல்கோலின். அது வெளியே வருகிற கதவைத் திறக்கிற கைப்பிடியை இந்த நஞ்சு வெட்டிவிடுகிறது. உத்தரவு வராததால் தசை சும்மா இருக்கிறது. சில மாதத்தில் நரம்பு முனை தன்னைச் சரிசெய்துகொள்ளும், உத்தரவு திரும்ப ஓடும், நம் ஆட்டமும் திரும்ப ஆரம்பிக்கும்.

புட்டியில் இருப்பது நானோகிராம் கணக்கு. ஒரு கிராமை 100 கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோகிராம், அதில் சில பங்குதான் 100 யூனிட் புட்டி முழுவதுக்கும். எனக்குப் போடுவது 22 யூனிட்.

09.06.2024

"ஊசி போட்டால் அந்த நரம்பு செத்துவிடும், அதனால்தான் துடிப்பு நிற்கிறது" என்று போன வருஷம் வேறொரு இழையில் நானே எழுதியிருக்கிறேனாம், ஒருவர் தோண்டி எடுத்துப் போட்டிருக்கிறார். தப்பாகத்தான் எழுதியிருக்கிறேன். சாவதில்லை. மேலே பார்க்கவும்.

16.06.2024

தம்பி செலவு கேட்டிருந்தார். எனக்கு முதல் தடவை ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது, ஏனென்றால் 22 யூனிட்டுக்காக முழுப் புட்டி வாங்கினேன். மிச்சம் வீண். அப்புறம்தான் "வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்கள். அன்றைக்கு நாலைந்து பேரைச் சேர்த்து வரச்சொல்லி, ஒரு புட்டியை உப்புநீரில் கரைத்து, ஆளுக்கொரு புது ஊசியில் அப்போதே எடுத்து, செலவைப் பிரிக்கிறார்கள். கம்பெனிக் காகிதத்தில் ஒரு புட்டி ஒரு ஆளுக்கு என்றுதான் அச்சடித்திருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டேன். "முழுப் புட்டிதான் வேணும்னா சொல்லுங்க, உடைச்சுத் தரேன்" என்றார் டாக்டரம்மா. சொல்லவில்லை.

எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நல்ல கூட்டம். இரண்டு கண்ணும் தானாக இறுக மூடிக்கொள்கிற முத்தியால்பேட்டை அம்மா ஒருவர், கண் இருந்தும் தெருவைக் கடக்க ஆள் வேண்டும். பத்திரம் எழுதுகிற ஒருவர், பேனாவைத் தொட்டால் மட்டும் விரல்கள் முறுக்கிக்கொள்ளும், அதே விரலால் சாப்பிடுவார், சீட்டு ஆடுவார், ஒன்றும் ஆகாது. வீட்டில் "வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறான்" என்றார்களாம். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பையன் வருவான், ஏழு வயது, பிறந்தபோது மூளைக்குக் காற்று போதாமல் போனது, கெண்டைக்கால் இறுகி நுனிக்காலில் நடப்பான். அவனுக்கு எடைக்குத் தகுந்த அளவு, தனிப் புட்டி. ஊசி மட்டும் போதாது, மாவுக்கட்டும் பிசியோதெரபியும் சேர்த்துச் செய்தால்தான் பலன். குதிகால் தரையில் பட்டு அவன் வராந்தாவில் நடந்த அன்றைக்கு அவன் அப்பா எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரே புட்டிச் சொந்தம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது.

17.06.2024

யூனிட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொரு கம்பெனி யூனிட்டும் ஒன்றல்ல. மீட்டரும் கெஜமும் மாதிரிகூட இல்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சரியாக மாற்றவே முடியாது. டிஸ்போர்ட் என்கிற இன்னொரு கம்பெனி மருந்தில் எண் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்து அதிகம் போட்டுவிட்டார்கள் என்று பயப்படாதீர்கள். ஆனால் எந்த மருந்து, எத்தனை யூனிட் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போனால் அதுதான் கைகொடுக்கும்.

23.06.2024

இப்போது அழகு ஊசிக் கதை. கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

மச்சினிச்சி மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் முன்னால் பாண்டியில் ஒரு அழகு நிலையத்தில் ஏதோ மணப்பெண் பேக்கேஜ், அதில் நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசியும் உண்டு. 26 வயதுப் பெண்ணுக்கு நெற்றியில் என்ன சுருக்கம்? போட்டது யார், டாக்டரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாராம். பில்லில் "ஃபேஸ் ட்ரீட்மென்ட்" என்று ஒரு வரி. நாலாம் நாள் வலது மேல் இமை இறங்கிவிட்டது. புருவ நடுவில் போட்ட மருந்து, இமையைத் தூக்குகிற தசைக்குக் கசிந்திருக்கிறது. அங்கே கேட்டால் "ஐஸ் வைங்க சரியாயிடும்" என்றார்கள். ரிசப்ஷனில் ஒரு கண் பாதி மூடியபடி நின்றாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு கிழவி "பொண்ணுக்குக் கண்ணுல கோளாறா" என்று சத்தமாகவே கேட்டார். எங்கள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஒரு சொட்டு மருந்து கொடுத்தார், இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறியது, மற்றதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஐந்து வாரத்தில் சரியானது. ஆல்பம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நோயாளி போட்டுக்கொள்வது மருந்து, மற்றவர் போட்டுக்கொள்வது திமிர். எனக்கு அவ்வளவுதான்.

24.06.2024

நேற்று எழுதியதற்கு ரெட்டியார்பாளையம் அக்கா நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ள வைத்தார். சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்வதை அமெரிக்காவில் 2002லேயே முறைப்படி அனுமதித்தார்கள், அவர் தோல் டாக்டரிடம் வருஷத்துக்கு இரண்டு தடவை போட்டுக்கொள்கிறார், இமை இறங்கியதே இல்லை. "தப்பு ஊசியிலயா, குத்தின கையிலயா? நீங்க தலைக்குச் சாயம் பூசுறது திமிர்ல சேராதா?" என்று கேட்கிறார்.

சாயம் பூசுகிறேன் என்று இவருக்கு யார் சொன்னது?

30.06.2024

ஒரு வாரம் யோசித்தேன். அக்கா சொன்னதில் பாதி சரி. வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்கிற கண் டாக்டர் மாறுகண்ணுக்கு ஆபரேஷன் இல்லாமல் வழி தேடி, முதலில் குரங்குகளுக்கும் பிறகு மனிதர்களுக்கும் போட்டுப் பார்த்தார். 1989ல் மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அனுமதி வந்தது. அதாவது எங்கள் முத்தியால்பேட்டை அம்மாவின் நோய்தான் இதற்கு வாசல். கனடாவில் வான்கூவரில் இன்னொரு கண் டாக்டர், ஜீன் கருத்தர்ஸ், இப்படி இமை இறுக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். 1987ல் ஒரு நோயாளி புருவ நடுவிலும் போடுங்கள் என்று கேட்டாராம், அங்கே போட்டால் முகம் கவலையில்லாத மாதிரி ஆகிறதே என்று. டாக்டரின் கணவர் அலஸ்டர் தோல் டாக்டர். இரண்டு பேரும் சேர்ந்து 1992ல் கட்டுரை எழுதினார்கள். அழகு ஊசியைக் கேட்டு வாங்கியதே ஒரு நோயாளி!

ஆனாலும் ஒன்று. உதட்டைப் பெரிதாக்குவதும் கன்னத்தை நிரப்புவதும் இந்த ஊசி இல்லை. அது ஃபில்லர், ஹயலுரானிக் அமிலம், இடத்தை அடைக்கிற சரக்கு. தப்பான ரத்தக்குழாயில் ஏறினால் பார்வையே போகலாம். கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்கள். போலிச் சரக்கும் உண்டு. இந்த ஏப்ரலில்தான் அமெரிக்காவிலேயே போலிப் போடாக்ஸ் போட்டுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கேயே அப்படியென்றால் இங்கே புட்டியைக் கண்ணால் பார்க்காமல் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

07.07.2024

வேறு எதற்கெல்லாம் என்று கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. நாள்பட்ட ஒற்றைத் தலைவலி: தலையிலும் கழுத்திலும் 31 இடத்தில் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு தடவை. அக்குள் வியர்வை. கழுத்துத் திருகல். பக்கவாதத்துக்குப் பின் இறுகிப்போன கை. அடக்க முடியாத சிறுநீர், இதற்குக் குழாய் விட்டுப் பையின் சுவரிலேயே போடுவார்கள். மயஸ்தீனியா என்கிற தசைப் பலவீன நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசிகள் போய்க்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள். போட்ட பிறகு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் காத்திருக்காதீர்கள்.

வியர்வைக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்ட கூட்ஸ் ஷெட் நண்பருக்கு: சித்திரையில் பாண்டியில் இருந்துகொண்டு அக்குளை மட்டும் காயவைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

08.07.2024

தலைப்புக்கு வெளியே, ஆனால் அதே கிருமி. பிறந்த குழந்தை நாக்கில் சேனை வைக்கிறோம் என்று தேன் தொட்டு வைப்பார்கள். ஒரு வயது வரை தேன் வேண்டாம். தேனில் இந்தக் கிருமியின் வித்து இருக்கக்கூடும், பெரியவர் குடலில் அது ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தை குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பேரனுக்கு நான் வேண்டாம் என்று நின்றதற்குச் சம்பந்தி வீட்டில் இன்னமும் முறைப்பு.

15.09.2024

வெட்கத்தோடு எழுதுகிறேன். சின்ன மகள் நிச்சயதார்த்த போட்டோ வந்தது. என் முகத்தில் இடது பாதி இஸ்திரி போட்ட மாதிரி வழவழ, வலது பாதியில் கண்ணோரம் கோடு கோடாக. சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறேன். பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை போனபோது, வலது பக்கமும் கொஞ்சம் போட்டு இரண்டையும் சமமாக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன். டாக்டரம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். "அந்தப் பக்கம் உங்களுக்கு நோயே இல்லையே, இதுக்குப் பேர்தான் அழகு ஊசி."

5 யூனிட் போட்டார். பத்திரக்காரர் சாட்சி. 23.06 அன்று கடைசியில் எழுதிய அந்தத் "திமிர்" வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ரெட்டியார்பாளையம் அக்கா இன்னும் ஒன்றும் எழுதவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

16.09.2024

எழுதிவிட்டார். தாங்கிக்கொண்டேன்.

12.01.2025

தவளக்குப்பம் தம்பி தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். அம்மா மார்கழி முழுக்க "தை பொறக்கட்டும்" என்று தள்ளிப்போட்டு, கடைசியில் கோயிலில் யாரோ "ஏன்மா கண்ணடிக்கிற" என்று கேட்டதால் தானாகவே கிளம்பிவிட்டாராம். எம்ஆர்ஐ முடிந்தது, குழாய் உரசல்தான். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஊசி.

அம்மாவுக்குச் சொல்லுங்கள்: இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிய ஊசி, ஐந்தாறு குத்து, எறும்புக் கடி. அன்றைக்கே ஒன்றும் நடக்காது, நாலு மணி நேரம் படுக்க வேண்டாம், போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம் என்பார்கள். முதல் தடவை கன்னத்தில் அளவு கொஞ்சம் கூடிவிட்டால் வாயோரம் டீ ஒழுகலாம். எனக்கு மூன்று வாரம் ஒழுகியது, அடுத்த தடவை குறைத்தார்கள். கண்ணில் தண்ணீர் வரலாம், இல்லையென்றால் காய்ந்துபோகலாம், சொட்டு மருந்து தருவார்கள். பலன் பத்தவில்லை என்று ஒரு மாதத்தில் திரும்பப் போய்க் கேட்கக் கூடாது. அடிக்கடி போட்டால் உடம்பு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டு மருந்து பலிக்காமல் போகலாம்.

26.01.2025

அம்மா வந்திருந்தார். நான், பத்திரக்காரர், முத்தியால்பேட்டை அம்மா, தம்பியின் அம்மா, நாலு பேரும் ஒரே புட்டி. ஊசி போட்டு முடித்ததும் என்னிடம், "நீங்கதான் அந்தக் கண்ணடிக்கிற சேல்ஸ்மேனா? பேத்திக்குச் சீருக்கு எடுக்கணும், சேலை நல்லா இருக்குமா உங்க கடையில?" என்று கேட்டார். போன வருஷமே சேலைப் பிரிவுக்குத் திரும்பிவிட்டேன் என்று இங்கே சொல்லவில்லையோ? சொன்ன மாதிரி ஞாபகம். திரும்பிவிட்டேன்.

02.02.2025

இடது பக்கம் அமைதி. முந்தாநாளிலிருந்து வலது கீழ் இமை லேசாகத் துடிக்கிறது. பதறிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இரண்டு பக்கமும் வருவது அபூர்வம், ஸ்டாக் கணக்கு எடுக்கிறேன் என்று ராத்திரியெல்லாம் முழித்திருந்து டீ குடித்தால் யாருக்கும் துடிக்கும், தூங்குங்கள் என்றார். என் அம்மாவிடமும் சொன்னேன். 84 வயது, காது சரியாகக் கேட்காது, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"வலது கண்ணா? அதுக்கு ஊசி கீசி போட்டுடாதடா."